மூன்று கம்பைலர்களும் சலூன்காரர் குரலும்

அந்தக் கம்பெனியில் அவளை எல்லோரும் பில்டு அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் ஆசையாய் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. சம்பளச் சீட்டு மட்டும் அதை மரியாதையாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

நோயால் தொண்டை போனவர்களுக்குப் பேசும் பெட்டி செய்து விற்கிற கம்பெனி அது. பெட்டி என்றதும் பீரோ அளவுக்கு நினைத்துக்கொள்ள வேண்டாம். சோப்பு டப்பா அளவுதான், கழுத்தில் மாட்டிக்கொள்ளலாம். மேலே இருக்கும் குட்டிப் பொத்தான்களைத் தட்டினால், தட்டியதை அது வாய்விட்டுச் சொல்லும். ஆபரேஷனுக்கு முன்பே குரலைப் பதிந்து வைத்தவர்களுக்கு அவரவர் குரலிலேயே பேசும். அதற்கு நேரம் கிடைக்காமல் போனவர்களுக்குக் கம்பெனிக் குரல்: செய்தி வாசிக்கிற ஆளுடையது போலத் துவைத்து இஸ்திரி போட்ட குரல்.

ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் கெர்னல் என்று ஒன்று உண்டு. யார் எப்போது எழுந்திருக்க வேண்டும், யார் யாருக்கு வழி விட வேண்டும், எதை எங்கே எடுத்து வைக்க வேண்டும் என்று பார்த்துக்கொள்கிற வீட்டுக்காரி அதுதான். அது படுத்தால் வீடே படுத்துவிடும். கெர்னலை மனிதர்கள் எழுதுகிற பாஷை ஒன்று, பெட்டிக்கு விளங்குகிற பாஷை வேறொன்று. முதலாவதை இரண்டாவதாக மாற்றித் தருகிற மென்பொருள்தான் கம்பைலர். சரியான கெர்னலைச் சரியான கம்பைலரிடம் கொடுத்து, அது சமைத்துத் தருவதைப் பெட்டியில் ஏற்றி, பெட்டி எழுந்து உட்காருகிறதா என்று பார்ப்பதற்குத்தான் பில்டு என்று பெயர், அது பில்டு அக்காவின் வேலை.

"இதுக்கா காலைல போய் பொழுது சாய வர்றே?" என்று அவளுடைய அம்மா கேட்டிருக்கிறாள். கேட்கிறவர்களுக்கு எல்லாமே சுலபம்தான்.

சிக்கல் என்னவென்றால், கம்பெனி மூன்று தலைமுறைப் பெட்டிகளை விற்றிருந்தது. மூன்றுக்கும் மூன்று கெர்னல்கள். ஒவ்வொரு கெர்னலும் தன் காலத்துக் கம்பைலரோடு மட்டும்தான் ஒத்துப்போகும். எழுதியவர்கள் அந்தந்தக் கம்பைலரின் குணம் அறிந்து எழுதியிருந்தார்கள்: எதைச் சொன்னால் கேட்கும், எதைக் கண்டும் காணாமல் விடும் என்று. நெடுநாள் சேர்ந்து குடித்தனம் நடத்தியவர்கள் பேசிக்கொள்வது மாதிரி. வெளியாளுக்குப் பாதிதான் விளங்கும். மீதியை அவன் இஷ்டத்துக்கு விளங்கிக்கொள்வான்.

அதனால் மூன்று கம்பைலர்களையும் மூன்று கம்ப்யூட்டர்களில், ஒன்று மற்றொன்றின் முகத்தில் விழிக்காதபடி அவள் வைத்திருந்தாள். மிகப் பழையதற்குப் பெரியவர் என்று பெயர். அவர் மாடிப்படிக்குக் கீழே குடியிருந்தார். அவருடைய கம்ப்யூட்டரின் காற்றாடி இழுப்பு வந்தவர் போல மூச்சு விடும். அந்தத் தாளத்துக்குத்தான் படியேறுகிறவர்களின் கால்கள் தாமாக எட்டு வைக்கும் என்று சொல்வார்கள். நான் பார்த்ததில்லை, ஆனால் நம்புகிறேன். அடுத்தவர் நடுவுலவர், எந்த வம்புக்கும் போகாதவர், அதனாலேயே அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கடைசி, சின்னவன். படு சுறுசுறுப்பு. பத்து வரியில் எழுதிய காரியத்தை நாலு வரியில் முடித்துவிடுவான். தேவையில்லை என்று அவனுக்குத் தோன்றியதை யாரையும் கேட்காமல் தூக்கி எறிவான்.

"அக்கா, பெரியவர் முடிச்சிட்டாரா?" என்று பக்கத்து மேஜையிலிருந்து குரல் வரும்.

"இப்பத்தான் உக்காந்திருக்காரு. மென்னுதான் முழுங்குவாரு."

"சின்னவன்கிட்ட குடுத்துப் பாக்கறது?"

"குடுத்தேன். மொத பக்கத்துலயே என் பரம்பரையை இழுக்கறான்."

இந்த வீட்டு நிலவரமெல்லாம் அவளுடைய கணவருக்கு அத்துப்படி. "மேடம், ஆபீஸ்ல மூணு ஆம்பளைங்களை வச்சு மேய்க்கறீங்க, வீட்ல ஒருத்தனை மேய்க்க முடியலையா?" என்பார். அவளை மேடம் என்றுதான் கூப்பிடுவார், கிண்டலாக. ஊருக்கு அவர் சலூன்காரர்.

அவருடைய கடையில் மூன்று நாற்காலிகள், ஒரு நீளக் கண்ணாடி, சுவரோரம் ஒரு பெஞ்சு. மற்றவை எல்லாம் பேச்சு. அவர் கதை சொல்லத் தொடங்கினால் சுவர்க் கடிகாரம் நின்று கேட்டுவிட்டு, பிறகு ஓட்டமாய் ஓடி விட்ட நேரத்தைப் பிடிக்கும். ஷேவிங்குக்கு வந்து உட்கார்ந்த ஒருவருக்குக் கதை முடிவதற்குள் மறுபடி தாடி முளைத்துவிட்டது. திரும்பவும் முதலிலிருந்து சோப்பு போட வேண்டியதாயிற்று. இது எனக்கு அந்தத் தாடிக்காரரே சொன்னது.

பில்டு அக்கா அங்கே போய்ச் சேர்ந்ததும் பேச்சால்தான். கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த தம்பிக்கு முடி வெட்ட, ஒரு நாள் துணைக்குப் போனாள். பெஞ்சில் உட்கார்ந்தாள். தம்பியின் தலை முடிந்தது, கதை முடியவில்லை. முடிவு தெரிய வேண்டுமே என்று அடுத்த வாரமும் தம்பியை இழுத்துப்போனாள். அதற்கடுத்த வாரமும். கொஞ்ச நாளில் தம்பி தலையில் வெட்டுவதற்கு எதுவும் மிச்சமில்லை. "அக்கா, நீ வேணா போய்ட்டு வா, என்னை விட்டுடு" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அப்படித்தான் விஷயம் வீட்டுக்குத் தெரிந்தது.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "என் பொண்ணு கம்ப்யூட்டருக்குப் படிச்சவ. அவரு என்ன படிச்சாரு?" என்றாள். கல்யாணத்துக்கு வந்தும், உம்மென்று மூலையில் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளுக்குப் பார்வை மங்கத் தொடங்கியது. முதலில் பத்திரிகை போனது, அப்புறம் டிவி போனது, கடைசியில் மனிதர்களின் முகங்களும் போய் நிழல்கள் மட்டும் நின்றன. மகளோடு வந்து தங்கினாள். மகளோ வீட்டுக்கு வந்தால் வாய் திறக்காதவள். சலூன்காரர்தான் தினமும் கடையைச் சாத்திவிட்டு வந்து, மாமியாருக்கு எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, அன்று வந்த தலைகளின் கதைகளை ஒன்று விடாமல் சொல்வார். ஊரில் யாருக்கும் சொந்தப் பெயர் கிடையாது. எல்லோருக்கும் அவர் வைத்த பட்டப்பெயர்தான். அம்மா பொக்கை வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். "மாப்பிள்ளை வாயில்லன்னா எனக்குப் பொழுதே விடியாது" என்று, முன்பு தான் சொன்னதையெல்லாம் யாரோ சொன்ன மாதிரி மறந்துவிட்டுச் சொல்வாள்.

அந்த வாய்க்குத்தான் வந்தது. தொண்டை கரகரப்பு, அப்புறம் வலி, அப்புறம் டாக்டர். குரல்வளையை எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள்.

ஆபரேஷனுக்கு முன் ஆஸ்பத்திரியில், சுவரெல்லாம் பஞ்சு வைத்துத் தைத்த ஒரு சின்ன அறையில் அவரை உட்கார வைத்து, நிறைய வாக்கியங்களைக் கொடுத்துப் படிக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவள் நின்றிருந்தாள்.

"வானம் நீலமாக இருக்கிறது," என்று படித்துவிட்டு நிறுத்தினார். "ஏம்மா, இதை யாரு யார்கிட்ட சொல்லுவா? மேல பாத்தா தெரியாதா?"

"சும்மா படிங்க சார்," என்றாள் பதிவு செய்கிற பெண்.

"என் பொண்டாட்டியைத் திட்டற மாதிரி ஒரு வரி குடுங்க. அதுதான் தினமும் தேவைப்படும்."

பதிவு செய்கிற பெண் சிரித்ததில் அந்த வாக்கியத்தை மறுபடி பதிய வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வராது. உதடுகள் அசைவதும் அந்தப் பெண் சிரிப்பதும்தான் அவளுக்குத் தெரிந்தன. என்ன சொன்னார் என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

அப்போது விற்பனையில் இருந்தது முதல் தலைமுறைப் பெட்டி. அவர் குரல் அதில் ஏறியது. ஏற்றிய குரலுக்கு நகல் வைத்துக்கொள்ளக் கூடாது என்பது கம்பெனியின் சட்டம். ஆஸ்பத்திரியும் பதிவை அழித்துவிடும். குரலைத் திருடி, அந்த ஆள் பேசுவது போலவே பேங்குக்குப் போன் போடுகிற காலம் இது. ஆகவே குரல் பெட்டிக்குள் பூட்டி வைக்கப்படும். வேறு பெட்டிக்கு மாற்ற முடியாது, படித்தெடுக்கவும் முடியாது.

கழுத்தில் பெட்டியை மாட்டிக்கொண்டு அவர் கடையைத் திறந்தார். ஒரு கையில் கத்தரி, மறு கையால் பொத்தான். பேச்சு மெதுவாகத்தான் வந்தது. முன்பெல்லாம் இவர் எப்போது நிறுத்துவார் என்று காத்திருந்தவர்கள், இப்போது எப்போது தொடங்குவார் என்று காத்திருந்தார்கள். ஆனால் குரல் அதே குரல். மாமியார் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "மாப்பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலைடி. கொஞ்சம் யோசிச்சுப் பேசறாரு, அவ்வளவுதான். அது நல்லதுதானே," என்றாள்.

சில வருஷங்கள் இப்படிப் போயின. அப்புறம் பெட்டி உறைய ஆரம்பித்தது. பேசிக்கொண்டே இருக்கும், வார்த்தையின் நடுவில் நின்றுவிடும். பாட்டரியைக் கழற்றி மாட்டினால்தான் உயிர் வரும். மற்றவர்களின் பழைய பெட்டிகளும் எப்போதாவது உறைந்தன. ஆனால் மற்றவர்கள் மனிதர்கள் பேசுகிற அளவுக்குப் பேசினார்கள். சலூன்காரரின் பெட்டி வாரத்துக்கு ஒரு தடவை நின்றது, பிறகு தினமும் நின்றது. ஒரு கதையின் உச்சியில், பாதி முகத்தில் நுரையோடு ஒருவர் கண்ணாடி வழியாக அவரையே பார்த்துக்கொண்டிருக்க, பெட்டி செத்துப்போய்விட்டது. "அப்புறம் அவ என்னதான் சொன்னா?" என்று அந்த மனிதர் மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் வந்து கேட்டுவிட்டுப் போனார்.

சர்வீஸ் ஆட்கள் பார்த்துவிட்டு, "கெர்னல்ல கோளாறு. இப்படியே விட்டா ஒரு நாள் நின்னது நின்னதுதான், எழுந்திருக்காது. குரலும் அதோட போயிடும்," என்றார்கள். அவளுக்கு அது புதுச் செய்தி இல்லை. கோளாறைத் தேடிக்கொண்டிருந்ததே அவள்தான்.

பெட்டியைப் பிரித்து, கம்பி வைத்து, பூட்டை உடைத்துக் குரலை வெளியே எடுக்க முடியுமா என்றும் யோசித்தாள். சட்டத்துக்குப் புறம்பு, பெட்டிக்கும் ஆபத்து. அவரிடம் கேட்டாள்.

அவர் பொத்தான்களைத் தட்டினார். "ஒரு தடவை தொண்டையை அறுத்தது போதும்," என்றது பெட்டி, அவர் குரலில்.

அந்த நேரம் பார்த்து மேனேஜர் வந்தார். அவளைவிட வயதில் சின்னவர், நல்ல மனிதர்.

"அக்கா, பாதுகாப்பு ஆடிட்காரங்க பெரியவரை ஒத்துக்க மாட்டேங்கறாங்க. அவ்வளவு பழைய மெஷின், பழைய கம்பைலர் எதுவும் கட்டடத்துக்குள்ள இருக்கக் கூடாதாம்."

"அப்ப பழைய பெட்டிங்களுக்கு யாரு சமைப்பா?"

"சின்னவன் சமைக்கட்டும்."

"அவன் சமைச்சா அதுங்களுக்குச் செரிக்காது."

"நீங்க சொல்லிக்குடுத்தா செய்வான். முடியலைன்னா பழைய பெட்டிங்களுக்கு இனிமே எதுவும் கிடையாதுன்னு அறிவிச்சிட வேண்டியதுதான். எனக்கும் வேற வழி தெரியலைக்கா."

இரண்டு பேர் வந்து மாடிப்படிக்கு அடியிலிருந்து பெரியவரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். வட்டு தனியாக, கூடு தனியாக. வட்டை என்னவோ மெஷினில் போட்டு நசுக்கி, நசுக்கியதற்கு அத்தாட்சி வாங்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் அவள் கோளாறைக் கண்டுபிடித்தாள். சார்ஜ் ஏறுவதைக் கவனிக்கிற பகுதியில் ஒரு சின்னத் தவறு. திருத்துவதற்கு அரை நாள் கூட ஆகவில்லை. ஆனால் திருத்திய கெர்னலைச் சமைத்துத் தரப் பெரியவர் இல்லை.

ஆக சின்னவனை உட்கார வைத்தாள். பழைய கெர்னலைக் கண்டதும் அவன் முகம் சுளித்தான். இது இப்படி இருக்கக் கூடாது, அதற்கு அர்த்தமே இல்லை, இதை எந்தக் காலத்தில் எழுதினார்கள் என்று திரை முழுக்கப் புகார். ஒவ்வொரு புகாராக எடுத்துப் படித்தாள். எந்தக் கோப்பில் எந்த வரி என்று அவன் சொல்வான். அவள் திறந்து, எழுதியவர் என்ன நினைத்து எழுதினார் என்று புரிந்துகொண்டு, அதையே சின்னவனுக்குப் பிடித்த விதத்தில் மாற்றி எழுதுவாள். ஒரு புகாரை அடக்கினால் அதன் பின்னாலிருந்து நாலு எட்டிப்பார்க்கும். வாரக்கணக்கில் இதுவே வேலை. சாப்பிடும்போதும் முணுமுணுத்தாள்.

"என்ன மேடம், சின்னவன் வழிக்கு வந்தானா?"

"வர்றான். வாய்தான் ஓயலை."

"என் ஜாதி," என்றது பெட்டி, உறைந்தது. அவர் பாட்டரியைக் கழற்றி மாட்டினார். அவள் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள்.

ஒரு நாள் சின்னவன் ஒரு புகாரும் சொல்லாமல் முழுக் கெர்னலையும் சமைத்து முடித்தான். அவள் மறுபடி சமைக்கச் சொன்னாள். மறுபடியும் ஒரு முணுமுணுப்பு இல்லை. ஆபீஸ் முழுவதற்கும் டீ வாங்கிக் கொடுத்தாள். பரிசோதனை அறையில், சுவர் மின்சாரத்தில் செருகியபடி வரிசையாக நிற்கிற பழைய பெட்டிகளில் அதை ஏற்றினார்கள். கம்பெனிக் குரலில் அவை நாள் முழுக்க ஒன்றோடொன்று வானம் நீலமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தன. ஒன்று கூட உறையவில்லை.

அதற்கப்புறம் அங்கே ஒரு வழக்கம். எல்லோருக்கும் அனுப்புவதற்கு முன், உண்மையில் பயன்படுத்துகிற ஒருவருடைய பெட்டியில் ஏற்றிச் சில நாள் பார்ப்பார்கள். முதல் பெட்டி என்று அதற்குப் பெயர். விருப்பப்பட்டவர்கள் பெயர் கொடுக்கலாம்.

"யாராவது ஒருத்தர் பெட்டில ஏத்திப் பாத்துட்டு, அப்புறம் உங்களுக்குப் போடறேன்," என்றாள் வீட்டில்.

அவர் நிதானமாகத் தட்டினார். "அந்த யாராவது ஒருத்தருக்கு வீட்ல ஒரு பொண்டாட்டி இருக்க மாட்டாளா?"

"விளையாடாதீங்க."

"நீ சமைச்சதை மொதல்ல நான்தானே சாப்பிடணும். நல்லா இருந்தாலும் இல்லன்னாலும் இத்தனை வருஷம் அப்படித்தானே?"

"ரொம்பத்தான்," என்றாள் அவள்.

அம்மா உள்ளேயிருந்து, "போட்டு விடேன்டி. நேத்து அந்த ஒட்டகச்சிவிங்கி கதையைப் பாதியில நிறுத்திட்டாரு. எனக்கு மண்டை காயுது," என்றாள். ஒட்டகச்சிவிங்கி என்பது கடைக்கு வருகிற ஓர் உயரமான வாத்தியார்.

விடுமுறை நாள் காலையில், சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு, பெட்டியை லேப்டாப்போடு சேர்த்தாள். புதுக் கெர்னல் ஏறியது. பெட்டி ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது.

"மேடம், உங்க சின்னவன் கெட்டிக்காரன்," என்றது, அவர் குரலில்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அடுப்பில் எதையோ பார்க்கப் போனாள்.

அன்று காலை முழுக்க அவர் பேசினார். எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில் அன்றைக்கு வேறு யாருக்கும் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒட்டகச்சிவிங்கியின் கதையை மாமியாருக்கு முடித்துக் கொடுத்தார். முடித்ததோடு விடாமல், அந்த மனிதரின் தம்பி கதையையும் தொடங்கி, அதையும் முடித்தார். பெட்டி ஒரு இடத்தில் கூடத் தயங்கவில்லை. அம்மா சிரித்துச் சிரித்துப் புரையேறி, மகள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது பாட்டரி இறங்கியிருந்தது. பெட்டியைக் கழற்றிச் சார்ஜில் போட்டார்.

சாப்பிட்டு, கை கழுவி, பெட்டியை எடுத்து மாட்டிக்கொண்டு, எதையோ தட்டினார்.

முதல் துண்டு அவர் குரலில் வந்தது. அடுத்தது எண்ணெயில் தண்ணீர் தெளித்த சத்தம். அதற்கடுத்த துண்டு அந்தக் கம்பெனிக் குரல், செய்தி வாசிக்கிறவருடையது. பிறகு அவர் குரல் கொஞ்சம், பிறகு சத்தம், பிறகு செய்தி வாசிக்கிறவர், இப்படி ஒரே வாக்கியத்துக்குள் மூன்று பேர். அவர் சிரித்தார். இன்னும் வேடிக்கையாக இருக்கட்டும் என்று வேறொன்றைத் தட்டினார். இந்தத் தடவை அவர் குரல் வரவே இல்லை.

"யாரு வந்திருக்கா?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "உக்காரச் சொல்லு. தண்ணி குடு."

அவள் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினாள்.

விடுமுறை நாளில் ஆபீஸ் காலியாக இருந்தது. சின்னவனின் கம்ப்யூட்டர் சத்தமே இல்லாமல் குளிர்ந்த அறையில் விளக்கு சிமிட்டிக்கொண்டிருந்தது. பழைய கெர்னலின் கோப்புகளில் இதுவரை தான் திறக்காதவற்றைத் திறந்தாள். அவள் திறந்தவை எல்லாம் சின்னவன் புகார் சொன்னவை. புகார் சொல்லாதவற்றை எதற்குத் திறக்க வேண்டும்?

அந்தக் கோப்பு வாய் மூடி உட்கார்ந்திருந்தது. பெட்டி சார்ஜ் ஆகும்போது, அன்று புதிதாகக் கற்றுக்கொண்ட சொற்களைக் குரலோடு சேர்த்து, குரல் முழுவதையும் துண்டு துண்டாக நினைவகத்தில் திரும்ப எழுதி வைக்கும். அதைச் செய்கிற கோப்பு. ஒரு துண்டை எழுதியதும் நினைவகத்துக்கு மூச்சு வாங்கக் கொஞ்ச நேரம் வேண்டும். அந்த நேரத்துக்காக, அந்தக் காலத்தில் எழுதிய யாரோ ஒருவர், ஒன்றும் செய்யாமல் சும்மா எண்ணு என்று ஒரு வரி வைத்திருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று என்று பெரிய எண் வரை. எண்ணி முடித்ததும் அடுத்த துண்டு. பெரியவர் அப்படியே எண்ணினார், இத்தனை வருஷமும். சின்னவன் அந்த வரியைப் பார்த்தான். எண்ணுகிறது, எண்ணியதை யாருக்கும் சொல்லவில்லை, யாருக்கும் பிரயோஜனமில்லை. எடுத்துப் போட்டுவிட்டான். அது தவறு என்று அவன் நினைக்காததால் புகாரும் சொல்லவில்லை. மூச்சு வாங்க நேரமில்லாமல் துண்டுகள் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து அழிந்தன. அழிந்த இடத்தில் கம்பெனிக் குரல் வந்து உட்கார்ந்துகொண்டது. பரிசோதனை அறைப் பெட்டிகளோ எப்போதும் செருகியே கிடப்பவை, பாட்டரி இறங்கிப் புதிதாகச் சார்ஜ் ஏறாதவை, புதுச் சொல் எதையும் கற்றுக்கொள்ளாதவை. அவை எதையும் திரும்ப எழுதியதே இல்லை.

சரி செய்ய ஒரு சொல் போதும். எண்ணுகிற அந்த வரிக்கு முன்னால், இதில் கை வைக்காதே என்று கம்பைலருக்குச் சொல்கிற ஒரு சொல். எழுதினாள். மறுபடி சமைத்தாள். இந்தத் தடவை சின்னவன் முனகாமல் எண்ணினான். அழிந்த துண்டுகள் மட்டும் திரும்பவில்லை.

மறுநாள் மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்து பெருமூச்சு விட்டார். "நல்ல வேளைக்கா. எல்லாருக்கும் போயிருந்தா என்ன ஆகியிருக்கும்? ஒரே ஒரு பெட்டியோட போச்சு."

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள்.

"அந்த முதல் பெட்டி யாரு..." என்று கேட்டுக்கொண்டே திரையைப் பார்த்தவர், பெயரைப் படித்தார். எழுந்து போய் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவள் குடிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் கேட்டாள்; பதிவு எப்போதோ அழிந்திருந்தது. தம்பி தன் போனிலிருந்த பழைய வீடியோக்களையெல்லாம் தோண்டிக் கொண்டுவந்தான். அவற்றில் மச்சானின் குரலைவிட, அதைக் கேட்டவர்களின் சிரிப்புத்தான் அதிகம் பதிவாகியிருந்தது. ஒரு குரலைத் திரும்பச் செய்வதற்கு அது போதாது என்றார்கள். தம்பி போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "நானாவது அன்னிக்குக் கொஞ்சம் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்," என்றான்.

அவரிடம் அவள் சொன்னது கடையில், மத்தியான நேரத்தில். ஆள் இல்லை. வாடிக்கையாளர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டாள். அவர் பழக்கதோஷத்தில் பின்னால் வந்து நின்றார். கண்ணாடியில் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னாள். சின்னவன், திறக்காத கோப்பு, எண்ணுகிற வரி.

அவர் தட்டினார். "சும்மா எண்ணிட்டே இருந்ததா?" என்று கேட்டார் செய்தி வாசிக்கிறவர், எங்கோ மழை பெய்ததைச் சொல்கிற மாதிரி.

"ம்."

"அதுவும் ஒரு வேலைன்னு அவனுக்குத் தெரியலை."

"அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை. "ஏதாவது சொல்லுங்க. திட்டுங்க."

அவர் தட்டினார், அழித்தார். மறுபடி தட்டினார், மறுபடி அழித்தார். அவளுக்கு முதுகுக்குப் பின்னால் பொத்தான் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

"இந்தக் குரல்ல திட்ட மாட்டேன்," என்றார் செய்தி வாசிக்கிறவர். "வேற ஒரு ஆம்பளை என் பொண்டாட்டியைத் திட்டறதை நான் நின்னு பாத்துட்டிருப்பேனா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அவர் சொல்கிற எதற்கும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிடும். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அது வேறாகிவிட்டது. அவர் ஒரு துண்டை எடுத்து, முடி வெட்டிக்கொள்கிறவர்களுக்குப் போர்த்துவது போல அவள் தோளில் போர்த்தினார். என்ன செய்வதென்று அவருக்கும் தெரியவில்லை.

பிறகு வீட்டில் ஓர் ஏற்பாடு தானாக அமைந்தது. கடையிலும் மாமியாரிடமும் அவர் பெட்டியை உபயோகித்தார். கடைக்கு வருகிறவர்கள் கொஞ்ச நாளில் பழகிக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், கேட்டால் வரி கட்டத் தோன்றுகிறது என்றார். மாமியாருக்குத்தான் பழகவில்லை. அதே ஸ்டூல், அதே கதைகள். அவள் நேராக நிமிர்ந்து உட்கார்ந்து, சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு, "அப்படிங்களா... சரிங்க," என்று மரியாதையாகக் கேட்டாள். சிரிக்கவில்லை.

"அம்மா, அது அவர்தாம்மா. தெரியும்ல?" என்றாள் மகள் ஒரு நாள், அடுக்களையில் வைத்து.

"தெரியாம என்னடி. மூளைக்குத் தெரியுது. காது ஒத்துக்க மாட்டேங்குது." சேலையில் கையைத் துடைத்துக்கொண்டே, "பெட்டிக்குள்ள இருக்கற அந்தத் தம்பியும் பாவம், நல்லாத்தான் சொல்றாரு," என்றாள்.

மனைவியோடு தனியாக இருக்கும்போது மட்டும் அவர் பெட்டியைக் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவார். சத்தமில்லாமல் உதட்டை அசைத்துப் பேசுவார். ஏன் என்று அவள் கேட்கவில்லை. மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்லவும் அவளால் முடியவில்லை. ஆனால் அவளுக்கு உதடு படிக்க வரவில்லை. இத்தனை வருஷமாகப் பெட்டி பேசியது, கேட்டாள். உதட்டைப் பார்க்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. தண்ணீர், சாவி, விளக்கு, இவை புரியும். அதற்கு மேல் புரியாது.

திருத்திய கெர்னல் எல்லாப் பழைய பெட்டிகளுக்கும் போய்ச் சேர்ந்தது. எதுவும் உறையவில்லை, எந்தக் குரலும் கலையவில்லை. யாரோ ஓர் அம்மாள், தன் கணவர் தன்னோடு மறுபடி நாள் முழுக்கச் சண்டை போடுகிறார், மிக்க நன்றி என்று கம்பெனிக்கு எழுதியிருந்தார். மேனேஜர் அதைப் பில்டு அக்காவிடம் காட்டலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு, கடைசியில் காட்டினார்.

அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் அவரிடம் சொன்னாள். "எல்லாருக்கும் சரியாயிடுச்சு. ஒரு பெட்டி கூடப் போகலை."

அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து சீப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார். நல்லது என்பது போலத் தலையசைத்தார். பிறகு சீப்புகளை ஓரமாக வைத்துவிட்டு, அவளைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, ஏதோ சொல்லத் தொடங்கினார். அன்று கடையில் நடந்த விஷயமாக இருக்க வேண்டும். புருவம் ஏறியது, இறங்கியது. ஒரு கை கத்தரி பிடித்தது, மறு கை யாருடைய தொப்பையையோ காட்டியது. உதடுகள் வேகமாக ஓடின, நின்றன, மறுபடி ஓடின.

அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ம்," என்றாள். கொஞ்சம் கழித்து மறுபடி, "ம்." அவர் கண்கள் சுருங்கிய ஓரிடத்தில், இதுதான் இடம் என்று நினைத்துச் சிரித்தாள்.

அவர் உதடுகள் நின்றன. ஒரு கணம் அவளைப் பார்த்தார். பிறகு, சிரிக்க வேண்டிய இடம் அதுதான் என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, மிச்சக் கதையையும் சொல்லி முடித்தார்.